மரபணு சிகிச்சையும் கல்லீரலும்: எலி ஆய்வுச் செய்திகளை நோயாளிகள் எவ்வாறு புரிந்துகொள்வது?

மரபணு சிகிச்சை குறித்து 2025ஆம் ஆண்டில் வந்த செய்திகள், நோயாளிகளின் குடும்பங்களுக்கு ஒரே நேரத்தில் நம்பிக்கையையும் அச்சத்தையும் தந்தன. ஹீமோபிலியா பி எனப்படும் இரத்தம் உறையாமைக் குறைபாட்டுக்கு ஒரே ஒரு முறை மரபணு சிகிச்சை பெற்ற பத்து ஆண்கள், ஏறத்தாழ 13 ஆண்டுகள் கடந்த பின்னும் அதன் பயனை இழக்கவில்லை என்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். அதே ஆண்டில், டூஷேன் தசைச்சிதைவு நோய்க்கு எலெவிடிஸ் என்னும் மரபணு மருந்தைப் பெற்றிருந்த, நடக்கும் திறனை இழந்த இரண்டு வளரிளம் பருவத்தினர் கல்லீரல் செயலிழந்து உயிரிழந்தனர்.

இரண்டு மருந்துகளிலும் மரபணுவைச் சுமந்து சென்றது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ். முதலாவதில் பயன் விளைந்த இடம் கல்லீரல். இரண்டாவதில் கேடு விளைந்த இடமும் கல்லீரலே. இத்தகைய மருந்துகள் யாவும் சுண்டெலிகளில் சோதிக்கப்பட்ட பின்னரே மனிதர்களிடம் வருகின்றன. ஆகவே, "எலிகளின் கல்லீரலில் மரபணு சிகிச்சை வெற்றி" என்றோ, "மரபணு சிகிச்சை பெற்ற எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய்" என்றோ ஒரு தலைப்பைக் காணும்போது, அது தம் வீட்டு நோயாளிக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை எடைபோட உதவும் சில செய்திகளை இப்பக்கம் விளக்குகிறது.

வைரஸ் ஏன் தேவைப்படுகிறது?

பழுதான ஒரு மரபணுவுக்கு ஈடாக நல்ல பிரதியொன்றை உடலுக்குள் செலுத்துவதே மரபணு சிகிச்சையின் அடிப்படை. ஆனால் மரபணுவை வெறுமனே இரத்தத்தில் கலந்தால் அது உயிரணுக்களுக்குள் நுழையாது, வழியிலேயே சிதைந்துவிடும். உயிரணுவின் உட்கருவரை மரபணுவைக் கொண்டு சேர்க்கும் திறனை இயற்கையிலேயே பெற்றவை வைரஸ்கள். எனவே, வைரஸின் சொந்த மரபணுக்களை நீக்கிவிட்டு, அதன் வெளிக்கூட்டுக்குள் மருந்தாகும் மரபணுவை வைத்து அனுப்புகிறார்கள். இவ்வாறு மாற்றப்பட்ட வைரஸையே மருத்துவர்கள் வெக்டர், அதாவது கடத்தி, என்று அழைக்கின்றனர். இது உடலில் பெருகாது. பிறருக்குத் தொற்று நோயாகப் பரவாது.

இன்று கல்லீரலுக்கான சிகிச்சையில் மிகுதியாகப் பயன்படுவது ஏஏவி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அடினோ சார்ந்த வைரஸ். 1965ஆம் ஆண்டு அடினோவைரஸ் மாதிரிகளில் கலந்திருந்த வேண்டாத பொருளாகவே இது முதன்முதலில் கண்டறியப்பட்டது. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது. நம்மில் பலர் செலுத்திக்கொண்ட கோவிஷீல்டு தடுப்பூசியில் இருந்தது சிம்பன்சியின் அடினோவைரஸ். அது நோய் எதிர்ப்பாற்றலை நன்கு தூண்டக்கூடியது. தடுப்பூசிக்கு வேண்டப்படும் அந்தக் குணமே, மரபணு சிகிச்சையில் ஆபத்தாக முடியும். ஏஏவி அதைவிட மிகச் சிறியது. இயற்கையில் மனிதருக்கு நோய் விளைவிப்பதாக அறியப்படாதது. அதன் கூட்டுக்குள் ஏறத்தாழ 4,700 எழுத்துகள் நீளமுள்ள மரபணுச் செய்தியை மட்டுமே வைக்க முடியும். ஹீமோபிலியா ஏ நோய்க்கான உறைதல் காரணி 8இன் மரபணுச் செய்தி இதனினும் நீளமானது என்பதால், அதன் ஒரு பகுதியை வெட்டிச் சுருக்கியே உள்ளே பொருத்துகின்றனர்.

கல்லீரலைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் எளியது. அதன் நுண்ணிய இரத்தக் குழாய்ச் சுவர்களில் இயற்கையாகவே துளைகள் உள்ளன. இரத்தத்தில் வரும் துகள்கள் அவற்றின் வழியே கல்லீரல் உயிரணுக்களை எட்டுகின்றன. மேலும் உறைதல் காரணிகள் உள்ளிட்ட பல புரதங்களை உருவாக்கி இரத்தத்தில் சேர்ப்பதே கல்லீரலின் அன்றாடப் பணி. அங்கே ஒரு நல்ல மரபணுவைக் குடியேற்றினால், உடல் முழுவதற்கும் வேண்டிய புரதம் கிடைத்துவிடும். எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. தசைக்கோ நரம்புக்கோ செல்ல வேண்டிய மருந்தை நரம்பூசியாகச் செலுத்தினாலும், அதில் பெரும்பங்கைக் கல்லீரலே ஈர்த்துக்கொள்கிறது. டூஷேன் நோயாளிகளின் கல்லீரல், தனக்குத் தேவையே இல்லாத ஒரு மருந்தின் சுமையைத் தாங்க நேர்ந்தது இதனால்தான்.

எலிகள் சொன்னவையும் சொல்லாதவையும்

ஒரு சுண்டெலியின் எடை ஏறத்தாழ 25 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதைப் போல 2,400 மடங்கு எடை கொண்டவர். இந்த வேறுபாடு ஒன்றே, எலிக்குத் தயாரித்த மருந்தை மனிதருக்குத் தயாரிப்பதில் உள்ள உழைப்பையும் செலவையும் உணர்த்தும். ஆனால் வேறுபாடு எடையோடு நின்றுவிடவில்லை.

ஏஏவி வைரஸில் பல வகைகள் உள்ளன. குரங்குகளின் திசுக்களிலிருந்து பெறப்பட்ட எட்டாம் வகை, எலியின் கல்லீரல் உயிரணுக்களுக்குள் மிக எளிதாக நுழைகிறது. மனிதக் கல்லீரல் உயிரணுக்களுக்குள் அது அவ்வளவு எளிதாக நுழைவதில்லை. இந்த இடைவெளியைக் கடக்க, தம் கல்லீரல் உயிரணுக்கள் படிப்படியாக அழியுமாறும், அந்த இடத்தில் மனிதக் கல்லீரல் உயிரணுக்கள் வளருமாறும் அமைக்கப்பட்ட சிறப்பு எலிகளை ஆய்வாளர்கள் உருவாக்கினர். அத்தகைய எலிகளில் சோதித்து, மனித உயிரணுக்களுக்கு உகந்த புதிய வைரஸ் கூடுகளைத் தேர்ந்தெடுத்ததை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்டனர். ஆகவே ஒரு செய்தியில் "எலி" என்று மட்டும் இருக்கிறதா, "மனிதக் கல்லீரல் உயிரணு பொருத்தப்பட்ட எலி" என்று இருக்கிறதா என்பது கவனித்துப் படிக்க வேண்டிய ஒன்று. ஆண் எலிகளா பெண் எலிகளா என்பதும்கூட முடிவை மாற்றும்: ஆண் எலிகளின் கல்லீரல் இவ்வைரஸைப் பன்மடங்கு கூடுதலாக ஏற்கிறது. ஆண் எலிகளில் மட்டும் கிடைத்த ஒரு பெரிய எண்ணைக் கண்டு வியப்பதில் பொருளில்லை.

எலிகள் முற்றிலும் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. எலிகளிலும் நாய்களிலும் ஒரு முறை செலுத்திய ஏஏவி மருந்து நீண்ட காலம் உறைதல் காரணியை உற்பத்தி செய்தது. அந்த நம்பிக்கையில் ஹீமோபிலியா பி நோயாளிகளுக்கு அது கல்லீரல் வழியாகச் செலுத்தப்பட்டது. மிகுந்த அளவு பெற்ற ஒருவருக்குக் காரணி 9இன் அளவு 11 விழுக்காடு வரை உயர்ந்தது. எவருக்கும் மகிழ்ச்சி தரும் எண் அது. ஆனால் சில வாரங்களில் அந்த அளவு சரியத் தொடங்கியது. கூடவே கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயர்ந்தன. பின்னர் காரணம் தெரிய வந்தது. மனிதர்களில் பலர் சிறு வயதிலேயே இயற்கையான ஏஏவி தொற்றுக்கு ஆட்பட்டவர்கள். வைரஸின் கூட்டை அடையாளம் கண்ட நோய் எதிர்ப்பு உயிரணுக்கள், அதைத் தாங்கியிருந்த கல்லீரல் உயிரணுக்களைப் பகையெனக் கருதி அழித்திருந்தன. தூய்மையான கூண்டில் வளரும் ஆய்வுக்கூட எலிக்கு அந்தப் பழைய நினைவு கிடையாது. அதனால் எலியிடம் இந்தச் சிக்கல் தோன்றவே இல்லை.

அந்தத் தோல்வி வீண்போகவில்லை. 2011ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையும் இணைந்து நடத்திய ஆய்வில், கல்லீரல் நொதிகள் உயர்ந்தவுடன் நோயாளிகளுக்குக் குறுகிய காலம் ஸ்டீராய்டு மாத்திரை தரப்பட்டது. உறைதல் காரணி காக்கப்பட்டது. தொடக்கத்தில் குறிப்பிட்ட பத்து ஆண்கள் இந்த ஆய்வைச் சேர்ந்தவர்களே. அவர்களுள் ஒருவரிடம் பத்தாண்டுகளுக்குப் பின் எடுத்த கல்லீரல் திசுவில், செலுத்திய மரபணு இன்னும் செயல்பட்டுக்கொண்டிருந்தது. கல்லீரல் தழும்பேறவும் இல்லை.

எலிகளில் தோன்றிய கல்லீரல் கட்டிகள்

பராமரிப்பாளர்கள் மிகவும் அஞ்சும் செய்தி இதுவே. ஆதலால் இதைச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

2001ஆம் ஆண்டு, பிறந்தவுடன் ஏஏவி சிகிச்சை பெற்ற எலிகளில் சிலவற்றுக்கு முதிர்ந்த வயதில் கல்லீரல் கட்டிகள் தோன்றியதாக அமெரிக்க ஆய்வாளர்கள் தெரிவித்தனர். ஏஏவி சுமந்து செல்லும் மரபணு பெரும்பாலும் நம் குரோமோசோம்களுடன் இணையாமல், உட்கருவில் தனித்தே தங்குகிறது. ஆனால் மிகச் சிறிய பங்கு குரோமோசோமில் இடையிடையே செருகிக்கொள்கிறது. 2007ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, கட்டிகள் தோன்றிய எலிகளில் அந்தச் செருகல் எலியின் 12ஆம் குரோமோசோமில் ரியான் எனப்படும் ஒரு குறிப்பிட்ட பகுதியில் நிகழ்ந்திருந்ததைக் காட்டியது. 2015ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள், கட்டி உருவாவதை மூன்று காரணங்கள் முடிவு செய்வதாகக் கண்டறிந்தனர்: செலுத்தும் அளவு, செலுத்தும் வயது, மரபணுவை இயக்கப் பயன்படுத்தும் தூண்டுபகுதியின் வலிமை. பிறந்த குட்டிகளின் கல்லீரல் உயிரணுக்கள் வேகமாகப் பிரிந்து பெருகுகின்றன; வளர்ந்த எலிகளில் அப்படியில்லை. வலிமை மிகுந்த தூண்டுபகுதி, தன் மரபணுவை மட்டுமன்றி அருகிலுள்ள மரபணுக்களையும் இயக்கிவிடுகிறது.

இது மனிதருக்குப் பொருந்துமா? ரியான் பகுதிக்குள் அமைந்த, கட்டி வளர்ச்சியுடன் தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு நுண் ஆர்என்ஏ மனிதரிடம் இல்லை. இது ஆறுதலான செய்தி. ஆனால் முழு ஆறுதல் அல்ல. ஏனெனில் மனிதரின் கல்லீரல் புற்றுநோய்த் திசுக்கள் 193ஐ ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், அவற்றுள் 11இல் இயற்கையான ஏஏவி வைரஸின் செருகலைக் கண்டதாக 2015ஆம் ஆண்டு தெரிவித்தனர். அது சிகிச்சைக்கான வைரஸ் அன்று; எனினும் செருகல் நிகழக்கூடும் என்பதை அது உணர்த்திற்று. மரபணு சிகிச்சை பெற்ற ஒன்பது ஹீமோபிலியா நாய்களைப் பத்தாண்டுகள் வரை கவனித்த ஆய்வு 2021ஆம் ஆண்டு வெளிவந்தது. செருகல் நிகழ்ந்த உயிரணுக்கள் சில நாய்களில் பெருகியிருந்தன; ஆனால் எந்த நாய்க்கும் கட்டி தோன்றவில்லை.

மனிதரிடம் இக்கேள்வி 2020ஆம் ஆண்டு டிசம்பரில் நேரடியாக எழுந்தது. பின்னாளில் ஹெம்ஜெனிக்ஸ் என்னும் பெயரில் ஒப்புதல் பெற்ற ஹீமோபிலியா பி மருந்தின் ஆய்வில் பங்கேற்ற ஒருவருக்குக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஆய்வை நிறுத்தி வைத்தது. கட்டியின் திசுவைச் சோதித்தபோது, வைரஸ் செருகல் 0.027 விழுக்காடு உயிரணுக்களில் மட்டுமே காணப்பட்டது. அதுவும் ஒரே இடத்தில் இன்றி அங்குமிங்குமாகச் சிதறியிருந்தது. செருகல்தான் கட்டிக்குக் காரணம் என்றால், கட்டியின் எல்லா உயிரணுக்களும் ஒரே தாய் உயிரணுவிலிருந்து வந்தவை என்பதால், அவை அனைத்திலும் ஒரே இடத்தில் செருகல் இருந்திருக்க வேண்டும். மேலும் அவருக்கு முன்னரே ஹெபடைடிஸ் பி, சி தொற்றுகளின் வரலாறும் கொழுப்புக் கல்லீரலின் அறிகுறியும் இருந்தன. மருந்தே புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்ற முடிவுக்குப் பின், 2021 ஏப்ரலில் தடை நீக்கப்பட்டது.

இங்கே ஓர் எலி ஆய்வு நமக்குக் கூடுதல் பயன் தருகிறது. கொழுப்பு மிகுந்த தீவனத்தால் கல்லீரல் பாதிக்கப்பட்ட எலிகளிலும், கல்லீரலின் ஒரு பகுதி அகற்றப்பட்ட எலிகளிலும், ஏஏவி சிகிச்சைக்குப் பின் கட்டிகள் கூடுதலாகத் தோன்றியதாக 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறுகிறது. காயமுற்ற கல்லீரல் தன்னைச் சரிசெய்துகொள்ள உயிரணுக்களைப் பெருக்குகிறது. பெருகும் உயிரணுக்களில் செருகலின் விளைவு வெளிப்படுகிறது. நம் நாட்டில் கொழுப்புக் கல்லீரல் பரவலாகக் காணப்படுகிறது. மரபணு சிகிச்சைக்கு ஆயத்தமாகும் ஒருவர் எலி ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றே ஒன்று என்றால், இதையே சுட்டலாம்: சிகிச்சைக்கு முன் கல்லீரலின் நிலையை முழுமையாக அறிந்திருப்பது, சிகிச்சைக்குப் பின் ஆண்டுதோறும் அதைக் கண்காணிப்பது.

குழந்தைகளைப் பொறுத்து இன்னொன்றும் உண்டு. குரோமோசோமில் இணையாமல் தனித்துத் தங்கும் மரபணு, உயிரணு பிரியும்போது உடன் பெருகுவதில்லை. குட்டி எலியின் கல்லீரல் வளர வளர, செலுத்திய மரபணுவின் பங்கு நீர்த்துப்போவது மீண்டும் மீண்டும் காணப்பட்டுள்ளது. ஹெம்ஜெனிக்ஸ் போன்ற கல்லீரல் சார்ந்த மருந்துகள் வயது வந்தோருக்கு மட்டும் ஒப்புதல் பெற்றிருப்பதை இந்தப் பின்னணியில் காண வேண்டும். "என் பிள்ளைக்கு ஏன் இப்போதே தரக் கூடாது?" என்று கேட்கும் பெற்றோருக்கு இது ஏற்றுக்கொள்ளக் கடினமான விடைதான். ஆயினும் ஒரு முறை தந்துவிட்டால், அந்த வைரஸ் வகைக்கு எதிரான எதிர்ப்பான்கள் உடலில் மிகுந்த அளவில் உருவாகிவிடும். பயன் குறைந்த பின் அதே மருந்தை மீண்டும் தர இயலாது. அந்த ஒரே வாய்ப்பை எந்த வயதில் பயன்படுத்துவது என்பதே உண்மையான கேள்வி.

அளவு மிகுந்தால் என்ன நேரும்?

ஹெம்ஜெனிக்ஸ் மருந்தில், நோயாளியின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 20 லட்சம் கோடி வைரஸ் மரபணுத் துகள்கள் செலுத்தப்படுகின்றன. முதுகெலும்புத் தசைச்சிதைவு நோய்க்கான சோல்ஜென்ஸ்மாவில் இது 110 லட்சம் கோடி. எலெவிடிஸில் 133 லட்சம் கோடி. கல்லீரல் ஈர்த்துக்கொண்ட பின்னும் உடலெங்கும் உள்ள தசைகளுக்கோ நரம்பு உயிரணுக்களுக்கோ போதிய மருந்து சென்று சேர வேண்டும் என்பதால் இத்தனை பெரிய அளவு தேவைப்படுகிறது. கல்லீரல் பாதிப்பால் நேர்ந்த உயிரிழப்புகள் பெரிதும் இத்தகைய மருந்துகளிலேயே நிகழ்ந்துள்ளன என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். "ஏஏவி சிகிச்சை ஆபத்தானது" என்று பொதுவாகச் சொல்வது, காய்ச்சல் மாத்திரை ஒன்றையும் இருபதையும் ஒன்றெனக் கொள்வது போலாகும்.

எலெவிடிஸ் உயிரிழப்புகளுக்குப் பின் 2025 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருந்து வழங்கலை நிறுத்துமாறு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. அம்மாத இறுதியில் நடக்கும் திறனுள்ள நோயாளிகளுக்கு மட்டும் மீண்டும் வழங்கலாம் என்றது. நவம்பரில், கல்லீரல் செயலிழப்பு குறித்த மிகக் கடுமையான எச்சரிக்கை மருந்தின் உறையிதழில் சேர்க்கப்பட்டது. நடக்கும் திறனுள்ள, நான்கு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று பயன்பாடும் குறுக்கப்பட்டது.

சோல்ஜென்ஸ்மா நம் நாட்டில் "16 கோடி ரூபாய் ஊசி" என்னும் பெயரில் அறியப்பட்டது. பல குடும்பங்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தம் குழந்தைகளுக்கு அதைப் பெற்றன. ஊசி போட்டவுடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவது இயல்பே. ஆனால் ரஷ்யாவிலும் கசகஸ்தானிலும் இம்மருந்து பெற்ற இரு குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து இறந்ததாக 2022 ஆகஸ்டில் தெரிவிக்கப்பட்டது. மருந்து செலுத்தி ஐந்து, ஆறு வாரங்கள் கழித்து, ஸ்டீராய்டு மருந்தின் அளவைக் குறைக்கத் தொடங்கிய சில நாள்களுக்குள் அது நேர்ந்தது. அந்தக் கால இடைவெளியை ஒவ்வொரு பெற்றோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி, குழந்தை நன்றாக இருப்பதாகத் தோன்றும் நாள்களே அவை.

வேறு வழிகள் உள்ளனவா?

உள்ளன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு அளித்த மரபணு சிகிச்சையின் முடிவுகளை 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்டனர். இது கல்லீரலை நாடவில்லை. நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை எடுத்து, லென்டிவைரஸ் என்னும் வேறொரு கடத்தி மூலம் உடலுக்கு வெளியே மரபணுவைச் சேர்த்து, மீண்டும் நோயாளிக்கே செலுத்தினர். கண்காணிப்புக் காலத்தில் ஐவருக்கும் இரத்தக் கசிவு நேரவில்லை. முந்தைய தலைமுறையில் இரத்தப் பொருள்கள் வழியாக ஹெபடைடிஸ் தொற்றுக்கு ஆளாகிக் கல்லீரல் பழுதுற்றவர்களும், ஏஏவிக்கு எதிர்ப்பான்கள் உள்ளவர்களும் இத்தகைய வழியில் நம்பிக்கை கொள்ள இடமுண்டு. ஆனால் இதற்கென்று ஒரு விலையும் உள்ளது: குருத்தணுக்கள் எலும்பு மஜ்ஜையில் இடம்பிடிக்க, முன்னதாகக் கடுமையான கீமோதெரபி மருந்துகள் தர வேண்டும். ஐவர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் மறத்தலாகாது.

வைரஸே இல்லாத வழியும் தொடங்கியுள்ளது. அமோனியாவை வெளியேற்றும் கல்லீரல் நொதி ஒன்றில் பிறவிக் குறைபாடு கொண்ட ஒரு குழந்தைக்கு, 2025ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில், அந்தக் குழந்தையின் பிழைக்கென்றே வடிவமைத்த மரபணுத் திருத்த மருந்து கொழுப்பு நுண்துகள்களில் வைத்துத் தரப்பட்டது. வைரஸ் கூடு இல்லாததால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை செலுத்த முடிந்தது. அதற்கு முன்னர், அக்குழந்தையின் அதே மரபணுப் பிழையை எலிகளில் உருவாக்கி மருந்தைச் சோதித்திருந்தனர். எலி ஆய்வு நோயாளிக்கு மிக அருகில் வந்து நின்ற தருணம் என்று இதைக் கூறலாம்.

சிகிச்சையோ ஆய்வோ முன்வரும்போது

ஏஏவி மருந்து எதுவாயினும், அந்த வைரஸ் வகைக்கு உங்கள் உடலில் ஏற்கெனவே எதிர்ப்பான்கள் உள்ளனவா என்பது சோதிக்கப்படுகிறதா என்று முதலில் கேளுங்கள். மிகுதியாக இருந்தால் பெரும்பாலான மருந்துகள் பயன் தரா. ஹெபடைடிஸ் பி, சி சோதனைகள், கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை, ஸ்கேன் ஆகியவற்றின் முடிவுகளைக் கையில் வைத்திருங்கள். மது அருந்தும் பழக்கம் இருப்பின் மறைக்காமல் சொல்லுங்கள். கீழாநெல்லி முதலான மூலிகைகளையோ பிற மருத்துவ முறைகளின் மருந்துகளையோ உட்கொள்பவர்கள் அதையும் தெரிவிக்க வேண்டும். நொதி உயர்ந்தால் எதனால் உயர்ந்தது என்று மருத்துவர் பிரித்தறிய இது இன்றியமையாதது.

சிகிச்சைக்குப் பின் முதல் மூன்று மாதங்கள் பெரும்பாலும் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை இருக்கும். நொதி உயர்வு தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும். ஆகவே நலமாக இருக்கிறோமே என்று ஒரு வாரம்கூடத் தவறவிடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்ந்த நிறமாதல், தொடர் வாந்தி, வழக்கத்துக்கு மாறான உறக்கம் அல்லது மனக்குழப்பம் தோன்றினால், "மஞ்சள் காமாலைதானே" என்று வீட்டு வைத்தியம் பார்க்காமல், சிகிச்சை அளித்த மருத்துவமனையை அன்றே அணுகுங்கள். தொலைவிலுள்ள ஊரில் வசிப்போர், அருகிலுள்ள மருத்துவர் ஒருவரிடம் சிகிச்சை விவரத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து வைப்பது நல்லது.

மருத்துவ ஆய்வில் சேர அழைக்கப்பட்டால், ஒப்புதல் படிவத்தில் விலங்கு ஆய்வுகளின் முடிவுகள் கூறப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இதற்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1999ஆம் ஆண்டு செப்டம்பரில், பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வொன்றில் கல்லீரலுக்கு அடினோவைரஸ் மருந்து பெற்ற 18 வயது இளைஞர் ஜெஸ்ஸி கெல்சிங்கர், நான்கே நாள்களில் உயிரிழந்தார். அவருடைய கல்லீரல் நோய் மாத்திரையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் கட்டுக்குள் இருந்தது. முந்தைய சோதனைகளில் மிகுந்த அளவு மருந்து பெற்ற குரங்குகள் இறந்த செய்தி, அவர் கையொப்பமிட்ட படிவத்தில் இடம்பெறவில்லை என்பது பின்னர் தெரிய வந்தது.

இந்தியாவில் நடைபெறும் மருத்துவ ஆய்வுகள், தொடங்கும் முன்னரே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். அதன் இணையதளத்தில் நோயின் பெயரைக் கொண்டு யாரும் தேடிப் பார்க்கலாம். மரபணு சிகிச்சை ஆய்வுகளுக்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2019ஆம் ஆண்டு தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால், அதற்கான மருத்துவமும் இழப்பீடும் பெறும் உரிமை அதே ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளில் உறுதி செய்யப்பட்டுள்ளது. "ஆய்வு" என்று சொல்லிக்கொண்டே மருந்துக்குப் பணம் கேட்கும் இடத்தில், பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் தர மறுத்தால் அங்கே கையொப்பமிட வேண்டாம்.